ஆன்லைனில் விற்கும் முன் ஒரே ஒரு பையின் கணக்கைப் போடுங்கள்

கேள்வி: துணிப்பை, லேப்டாப் பை, பர்ஸ் தைத்து விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஐம்பது அறுபது வகை இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "ஆன்லைன்ல கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். வெப்சைட் செய்து தருகிறேன் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். இன்னொருவர், அமேசான் போன்ற பெரிய தளம் எதிலாவது போட்டால் போதும் என்கிறார். என் தங்கை இன்ஸ்டாகிராமே போதும் என்கிறாள். எதில் தொடங்குவது? ரிட்டர்ன் வந்தால் நஷ்டமாகிவிடுமே என்ற பயமும் இருக்கிறது.

பதில்: மூன்று பேர் சொல்வதும் அவரவர் அளவில் சரிதான். ஆனால் எங்கே விற்பது என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் பை ஒன்று வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் முதல் கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ரிட்டர்ன் பயம் என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அங்கிருந்தே தொடங்குவோம்.

லேப்டாப் பை ஒன்றின் விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு மாதிரிக் கணக்குதான். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். துணி, ஜிப், தையல் கூலி எல்லாம் சேர்த்து 45. தளத்தின் கமிஷன் 15. பணப் பரிமாற்றக் கட்டணம் 3. கொரியர் 12. கவர், அட்டைப்பெட்டி, டேப் 3. விளம்பரம் 10. மொத்தம் 88 போய்விட்டது, மீதி 12. "பரவாயில்லையே, 12 விழுக்காடு நிற்கிறதே" என்று பலரும் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுகிறார்கள்.

இன்னும் முடியவில்லை. 100 ஆர்டரில் 8 திரும்பி வருகிறது என்று வையுங்கள். விற்று நின்ற 92 பையில் உங்களுக்கு 1,104 கிடைக்கும். திரும்பி வந்த ஒவ்வொரு பைக்கும் போகும்போது கொரியர் 12, வரும்போது 12, பேக்கிங் 3, விளம்பரம் 10, பணப் பரிமாற்றக் கட்டணம் 3, ஆக 40 நஷ்டம். கமிஷனைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள், சில தளங்கள் அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். எட்டுக்கும் சேர்த்து 320. திரும்பி வந்ததில் பாதி கசங்கியோ அழுக்காகியோ மறுபடி விற்க முடியாமல் போனால், நான்கு பையின் அடக்கம் 180. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 604. அதாவது ஒரு ஆர்டருக்கு 12 என்று நினைத்தது 6 ஆகிவிட்டது. ரிட்டர்ன் 16ஐத் தொட்டால் லாபம் கிட்டத்தட்டப் பூஜ்யம். 20 ஆனால் 290 கையிலிருந்து போகும். விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும். ஆர்டர் குவிகிறது என்ற சந்தோஷத்தில் அது கண்ணில் படாது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வெப்சைட், தளம், இன்ஸ்டாகிராம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் லாபத்தை முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்: கொரியர் செலவு, ரிட்டர்ன். இரண்டையும் கணிசமாகக் குறைக்க உங்களால் முடியும்.

கொரியரில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று, பெட்டியின் எடையை மட்டும் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை என்பது. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றி, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சர்வதேச எக்ஸ்பிரஸ் கொரியர்கள் பலவற்றில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கிறார்கள். உள்ளூர் கொரியர்களில் அந்த வகுக்கும் எண் வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப் பை 900 கிராம்தான் இருக்கும். ஆனால் காகிதம் திணித்து, உப்பலாக, 42 × 32 × 12 செ.மீ. பெட்டியில் போட்டால் கணக்குக்கு 3.2 கிலோ. அதே பையைத் தட்டையாக மடித்து 5 செ.மீ. உயரத்துக்குள் அடக்கினால் 1.3 கிலோ. பை அதேதான், தூரமும் அதேதான், கட்டணம் எங்கேயோ போகிறது. எனவே எந்தெந்தப் பை மடித்தால் தழும்பு விழாமல் நிமிர்கிறது என்று முதலில் பாருங்கள். ஐம்பது அறுபது வகையில் ஆன்லைனுக்குப் போக வேண்டியவை அவைதான். விறைப்பான அடிப்பலகை வைத்த பைகள் கடையிலேயே இருக்கட்டும்.

பர்ஸ் விஷயம் நேர் எதிர். அது சிறியது, ஆனால் விலையும் குறைவு. கொரியர் எவ்வளவு குறைந்தாலும் ஓரளவுக்குக் கீழே போகாது, ஆகவே பர்ஸ் விலையில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். தனியாக விற்காதீர்கள். இரண்டு மூன்றாகச் சேர்த்தோ, பையோடு ஜோடியாகவோ மட்டும் போடுங்கள்.

கொரியர் கட்டணத்தைத் தனியாகக் காட்டுவதா, விலையிலேயே சேர்ப்பதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடிந்தவரை சேர்த்துவிடுங்கள். ஆன்லைன் வாங்குதலை ஆராயும் பேமார்டு இன்ஸ்டிட்யூட் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கணக்குப்படி, கூடையில் பொருளைப் போடுகிறவர்களில் சராசரியாக 70 விழுக்காட்டினர் வாங்காமலே போய்விடுகிறார்கள். சும்மா பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர்கள் சொல்லும் முதல் காரணம், கடைசிப் பக்கத்தில் கொரியர், வரி என்று திடீரென முளைக்கும் கூடுதல் செலவு.

சரி, ரிட்டர்னுக்கு வருவோம். உங்கள் கடையில் ஒருவர் பை வாங்கும்போது என்ன செய்கிறார்? தூக்கிப் பார்க்கிறார், ஜிப்பை இரண்டு முறை இழுக்கிறார், உள்ளே கையை விட்டுத் துழாவுகிறார், தோளில் மாட்டிக் கண்ணாடியைப் பார்க்கிறார். ஆன்லைனில் வாங்குபவருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த நான்கு வேலைகளையும் உங்கள் படமும் விவரமும் அவருக்காகச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், அவர் வீட்டில் வைத்து அதைச் செய்துபார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

படத்துக்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஜன்னல் ஓரம், சுருக்கமில்லாத வெள்ளைத் துணி, நடுக்கமில்லாமல் பிடித்த போன் போதும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் எடுக்காதீர்கள்; மெரூன் பழுப்பாகத் தெரியும், கரும்பச்சை கறுப்பாகத் தெரியும், பிறகு "கலர் வேற" என்று ரிட்டர்ன் வரும். முழுப் பையும் தெரிய ஒன்று, திறந்து உள்ளறைகள் தெரிய ஒன்று, தையலும் ஜிப்பும் நெருக்கத்தில் ஒன்று, ஒரு ஆள் தோளில் மாட்டியிருக்க ஒன்று. இந்தக் கடைசிப் படத்தை விட்டுவிடவே கூடாது. 40 செ.மீ. என்று எத்தனை முறை எழுதினாலும் அது எவ்வளவு பெரிது என்று மனதில் பதியாது, ஒரு ஆள் உடம்பில் பார்த்தால் ஒரே நொடியில் புரியும். அமேசான் போன்ற தளத்துக்குப் போவதாக இருந்தால் அதற்கென்று விதிகள் உண்டு: முதல் படத்தின் பின்னணி முழு வெள்ளை, பொருள் படத்தில் 85 விழுக்காடு நிறைய வேண்டும், பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்யப் படத்தின் நீண்ட பக்கம் குறைந்தது 1,000 பிக்சல்.

விவரத்தில் "உயர்தரம்", "அழகிய வடிவமைப்பு" எல்லாம் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். 15 அங்குல லேப்டாப் சார்ஜரோடு உள்ளே போகுமா, தண்ணீர் பாட்டிலுக்குத் தனி இடம் உண்டா, துவைக்கலாமா, சாயம் போகுமா, தோளில் மாட்டும் பட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாமா? கடையில் உங்களிடம் தினமும் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். உங்கள் விவரப் பக்கம் அதிலேயே தயாராகிவிடும். குறையையும் எழுதுங்கள். "மழையில் நனைந்தால் உள்ளே ஈரம் இறங்கும்" என்ற ஒரு வரி சில பேரை விலக்கும். அவர்கள் வாங்கியிருந்தால் பையைத் திருப்பி அனுப்பியிருக்கக்கூடியவர்கள். 1995இல் ஈபே என்ற ஆன்லைன் ஏலத் தளத்தைத் தொடங்கிய பியர் ஒமிடியார் அதில் முதலில் விற்ற பொருளே ஓர் உடைந்த லேசர் பாயின்டர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவர் கேட்டதற்கு, உடைந்த பாயின்டர்களைச் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். உண்மையைச் சொன்னாலும் அதற்கேற்ற ஆள் வருவார்!

இனி உங்கள் முதல் கேள்வி, எங்கே தொடங்குவது. உங்கள் நிலைமையில் என் யோசனை: தங்கை சொல்வதில் ஆரம்பியுங்கள், தளத்தை இரண்டாவதாகச் சேருங்கள், வெப்சைட் பிறகு.

காரணம் இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், "ஆன்லைன்ல கிடைக்குமா" என்று கேட்பவர்களே அவர்கள்தான். அவர்களைத் தேடி விளம்பரம் செய்யத் தேவையில்லை, கமிஷனும் இல்லை. மேலே போட்ட கணக்கில் 25 மிச்சம். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் வசதி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பையைப் படம், விலையோடு அதில் ஏற்றி, இன்ஸ்டாகிராமில் அதற்கு இணைப்புக் கொடுத்தால் கடை திறந்தாயிற்று. எல்லா வகையையும் ஏற்ற வேண்டாம். கடையில் வேகமாக ஓடுகிற, மடித்து அனுப்ப முடிகிற பத்து போதும். இதில் கஷ்டம், ஒவ்வொருவருக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும், முகவரி வாங்க வேண்டும், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து ஆர்டர் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் தையலை விட்டுவிட்டுப் போனோடு உட்கார வேண்டிவரும்.

இந்த வழியில் ஏமாற்று வேலையும் அதிகம். பணம் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் வந்தால் நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சல் கிளம்பட்டும். தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பவர் அநேகமாக எதையுமே அனுப்பியிருக்க மாட்டார். பணம் உங்களுக்கு வருவதற்கு ரகசிய எண்ணோ ஓடிபியோ யாரும் கேட்கத் தேவையே இல்லை.

பெரிய தளத்தின் பலம் கூட்டம். உங்களைத் தெரியாதவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். பலவீனம், அந்தக் கூட்டம் உங்களுடையது இல்லை. வாங்கியவரின் இமெயில்கூட உங்கள் கைக்கு வராது, விதியும் கட்டணமும் அவர்கள் நினைத்தபோது மாறும். கைவினைப் பொருள்களுக்குப் பேர்போன எட்சி 2022 ஏப்ரலில் கட்டணத்தை 5இலிருந்து 6.5 விழுக்காடாக ஏற்றியது. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் கடையை மூடிப் போராடியும் கட்டணம் இறங்கவில்லை. பணமும் உடனே வராது, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும் என்பது பல தளங்களில் வழக்கம். அதுவரை துணிக்கும் கூலிக்கும் கையில் பணம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்டாக். கடையில் ஒரே ஒரு நீலப் பை இருக்கிறது. காலையில் ஒருவர் நேரில் வாங்கிப் போகிறார், மதியம் அதே பைக்கு ஆன்லைனில் ஆர்டர் வருகிறது. "மன்னிக்கவும், தீர்ந்துவிட்டது" என்று ரத்து செய்வீர்கள். தளங்கள் இதைச் சும்மா விடுவதில்லை. அமேசானில் விற்பனையாளரே செய்யும் ரத்து 2.5 விழுக்காட்டுக்குள், தாமத அனுப்பல் 4 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் கணக்கையே நிறுத்திவைக்கலாம். புதிதாக வருபவருக்கு ஆர்டரே குறைவு என்பதால் இது இன்னும் இறுக்கம்: 40 ஆர்டரில் ஒன்றை ரத்து செய்தாலே 2.5 ஆகிவிட்டது. ஆன்லைனுக்கு என்று ஒதுக்கிய பைகளைத் தனி அலமாரியில் வையுங்கள். கடைக்கு வந்தவர் எவ்வளவு கேட்டாலும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. சாஃப்ட்வேர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு ஒரு அலமாரியும் நோட்டும் போதும்.

வரி, பதிவு விஷயங்கள் நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆன்லைன் வரவு செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் அவருக்கும் எளிது, உங்களுக்கும் எளிது.

எதையும் ஏற்றுவதற்கு முன் ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு ஒரு பையைக் கொரியரில் அனுப்புங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அவரையே திருப்பி அனுப்பவும் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆனது, என்ன செலவானது, பெட்டி எப்படி நசுங்கி வந்தது, பையை மறுபடி விற்க முடியுமா என்று எல்லாம் தெரிந்துவிடும். மேலே நான் போட்ட மாதிரிக் கணக்கில் கொரியர், பேக்கிங் இரண்டுக்கும் உங்கள் உண்மையான எண் அதிலிருந்து கிடைக்கும்.

வெப்சைட் செய்து தருகிறேன் என்றவரிடம் இப்போதைக்கு நேரம் கேளுங்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து நூறு ஆர்டர் வந்த பிறகு, அவர்களில் சிலர் இரண்டாம் முறையும் வாங்கினால், அப்போது சொந்த வெப்சைட்டுக்குப் பணம் போடலாம். அப்போதும் மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் ஷாப்பிஃபை போன்ற ஆயத்தக் கடைகளே உங்களுக்குப் போதும். அவரையே அமர்த்துவதாக இருந்தால் இரண்டு நிபந்தனை: டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் பதிவாக வேண்டும், வாங்குபவரின் பணத்தை உங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பேமென்ட் கேட்வே கணக்கும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இதற்கு அவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.