சிக்கன் குழம்புல உருளைக்கிழங்கு மட்டும் ஏன் வேக மாட்டேங்குது?

கேள்வி: வீட்ல ஆறு பேர். பசங்க காய தனியா வச்சா தொடறதே இல்ல, அதனால சிக்கன் குழம்புலயே உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாம் சேத்து போட்டுடறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் சிக்கன் நார் நாரா ஆயிடுது, காலிஃபிளவர் கரைஞ்சு காணாமலே போயிடுது, உருளை மட்டும் நடுவுல நறுக்குனு நிக்குது, குழம்பும் தண்ணியா இருக்கு. குக்கர்ல வச்சா சரியாகுமா? எதை எப்ப போடணும்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

பதில்: குக்கருக்கு அப்புறம் வரேங்க, முதல்ல அந்த உருளைய பாத்துடலாம், ஏன்னா உங்க குழம்புல மத்ததெல்லாம் கெடறதுக்கே அதுதான் காரணம். உருளை வேகலையேன்னு அடுப்ப அணைக்காம காத்துட்டு இருப்பீங்க, அந்த நேரத்துல சிக்கன் வறண்டு போகும், காலிஃபிளவர் கரைஞ்சு போகும்.

உருளை வேகாததுக்கு காரணம் தக்காளி. வெங்காயம் வதக்கி, தக்காளி போட்டு மசிச்சு, மசாலா போட்டு, சிக்கன் போட்டு, கடைசியா காயெல்லாம் கொட்டி மூடி வைக்கறது எல்லாருக்கும் கை பழகின வரிசை, வெறும் சிக்கனுக்கு அது நல்லாவே வரும். காய் சேரும்போதுதான் சிக்கல். காயோட செல்லுங்கள ஒட்ட வச்சிருக்கறது பெக்டின்னு ஒரு பொருள், சூட்டுல அது கரைஞ்சாதான் காய் மெத்துனு ஆகும், ஆனா புளிப்பான தண்ணில அது லேசுல கரையாது. தக்காளி, தயிர், புளி, எலுமிச்சை எது முன்னாடி விழுந்தாலும் இதே கதைதான், கேரட்டும் உருளையும் பிடிவாதமா நிக்கும். இன்னொண்ணும் இருக்கு, உருளைய போட்டுட்டு அடுப்ப ரொம்ப சிம்ல வச்சு கொதியே வராம 55, 60 டிகிரி செல்சியஸ்ல அரை மணி நேரம் கிடந்துச்சுன்னா உருளைக்குள்ளயே இருக்கற ஒரு என்சைம் அந்த பெக்டின இன்னும் இறுக்கிடும், அப்புறம் கொதிக்க விட்டாலும் சீக்கிரம் இளகாது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜில்லுனு இருக்கற சிக்கனையும் காயையும் ஒண்ணா கொட்டி சிம்ல வச்சா இது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

சிக்கன் அப்படி இல்ல. உள்ள 74 டிகிரி வந்துட்டாலே பயமில்லாம சாப்பிடலாம். நெஞ்சுக்கறி அதுக்கு மேல போகப் போக சாறெல்லாம் வெளிய விட்டு சக்கையாயிடும். தொடை, கால் பகுதி வேற மாதிரி, அதுல கொலாஜன்னு சதைய கட்டி வச்சிருக்கற ஒரு புரதம் ஜாஸ்தி, அது இளகி வர 80 டிகிரிக்கு மேல கொஞ்ச நேரம் இருக்கணும், அதனால அரை மணி நேரம் கொதிச்சாலும் தாங்கும், சொல்லப்போனா இன்னும் நல்லா இருக்கும். காய் போட்டு நின்னு கொதிக்கற குழம்புக்கு எலும்போட தொடைக்கறிதான் வாங்கணும், நெஞ்சுக்கறி இதுக்கு லாயக்கில்லங்கறது என் அபிப்பிராயம். போன்லெஸ் நெஞ்சுக்கறிதான் வீட்ல இருக்குன்னா மசாலாவுல ரெண்டு பக்கமும் பிரட்டி தனியா எடுத்து வச்சுட்டு, காயெல்லாம் வெந்தப்புறம் கடைசி எட்டு பத்து நிமிஷத்துக்கு மட்டும் உள்ள போடுங்க.

சரி, செய்முறை. ஒரு கிலோ சிக்கன், கால் கிலோ வெங்காயம், மூணு நடுத்தர தக்காளி, உருளை 300 கிராம், கேரட் ரெண்டு, பீன்ஸ் ஒரு கைப்பிடி, காலிஃபிளவர் பாதி, இஷ்டம்னா பச்சை பட்டாணி. ஆறு பேருக்கு இது தாராளம். சிக்கன்ல ரெண்டு டீஸ்பூன் தூள் உப்பும் அரை டீஸ்பூன் மஞ்சளும் தடவி அரை மணி நேரம் முன்னாடியே வச்சிடுங்க, உப்பு உள்ள இறங்கறதோட கறி தண்ணிய பிடிச்சு வச்சுக்கவும் உதவும். ஃப்ரீசர்ல இருந்த சிக்கன்னா முந்தின ராத்திரியே கீழ ஃப்ரிட்ஜ்ல இறக்கி வச்சு முழுசா உருக விடுங்க, அதுல இருந்து வடியற தண்ணிய கொட்டிடுங்க. அப்புறம் இந்த குழாய்க்கு அடியில பிடிச்சு வேகமா கழுவற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, கழுவறதால கிருமி சாகாது, சிங்க்ல இருந்து பக்கத்துல வச்சிருக்கற பாத்திரம் வரைக்கும் தெறிச்சு பரவத்தான் செய்யும், கிருமிய கொல்றது அடுப்பு சூடுதான்.

அகலமான அடி கனமான பாத்திரம் எடுத்துக்குங்க, ஆழமான குறுகலான பாத்திரத்துல கறி வதங்கறதுக்கு பதிலா புழுங்கும். எண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன், பட்டை கிராம்பு ஏலக்காய், வெங்காயம். வெங்காயத்துல அவசரப்படாதீங்க, அதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணி, அது ஆவியாகி முடியற வரைக்கும் பொன்னிறம் வராது, 15 நிமிஷமாவது ஆகும். குழம்போட நிறமும் கெட்டியும் பாதி இங்கதான் வருது. அடுத்து ரெண்டு டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் அடுப்ப நல்லா குறைச்சு மிளகாய்த்தூள் ரெண்டு டீஸ்பூன், மல்லித்தூள் மூணு டேபிள்ஸ்பூன் போட்டு, உடனே ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு ஒரு நிமிஷம் பிரட்டுங்க. மசாலாவோட நிறமும் வாசனையும் பெரும்பாலும் எண்ணெய்லதான் கரையும், அதனால இந்த ஒரு நிமிஷத்த விட்டுடாதீங்க, தண்ணி தெளிக்கறது தூள் கருகாம இருக்கறதுக்கு.

இப்ப சிக்கன போட்டு தீய கூட்டி அஞ்சாறு நிமிஷம் பிரட்டுங்க. தக்காளி இன்னும் வரல, கவனிச்சீங்களா? அத பக்கத்து அடுப்புல ஒரு சின்ன கடாயில கொஞ்சம் எண்ணெய் விட்டு, எண்ணெய் பிரியற வரைக்கும் தனியா வதக்கிட்டு இருங்க. கூட ஒரு பாத்திரம் கழுவணுமேன்னு தோணும், ஆனா உங்க பிரச்சினைக்கு வைத்தியமே இதுதான். சிக்கன் நிறம் மாறினதும் ஒரு இன்ச் துண்டா வெட்டின உருளையும் அதவிட கொஞ்சம் சின்னதா கேரட்டும் போட்டு, ஒரு கப் கொதிக்கற தண்ணி ஊத்தி (பச்சத்தண்ணி வேணாம், கொதி அடங்கிடும்), காய்க்கு ஒரு முக்கால் டீஸ்பூன் உப்பு போட்டு மூடி வைங்க, மெதுவா ஆனா விடாம கொதிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு கத்தி நுனிய உருளைல குத்தி பாருங்க, சுலபமா இறங்கினா அப்ப வதக்கின தக்காளிய சேருங்க, அதோடயே பீன்ஸ். இந்த புளிப்பு இப்ப உங்க பக்கம்தான், வெந்த உருளை இதுக்கப்புறம் அவ்வளவு சீக்கிரம் உடையாது. பீன்ஸ் போட்டு நாலு நிமிஷம் கழிச்சு காலிஃபிளவர், அது ஆறேழு நிமிஷம்தான் கேக்கும், பட்டாணி கடைசி மூணு நிமிஷம். பீன்ஸ் பளிச் பச்சையா இருக்காது, புளிப்புல அந்த நிறம் மங்கத்தான் செய்யும், நிறம் முக்கியம்னா தனியா உப்புத் தண்ணில வேக வச்சு கடைசியா கலந்துக்குங்க.

தக்காளிய தனியா வதக்க முடியாது, வழக்கமான வரிசைலதான் செய்வேன்னா உருளையையும் கேரட்டையும் உப்புத் தண்ணில முக்கால் பதம் வேக வச்சு எடுத்து வச்சுக்கிட்டு கடைசி பத்து நிமிஷத்துல சேருங்க. ருசி கொஞ்சம் கம்மி, ஏன்னா கறிச்சாறுல வெந்த உருளைக்கு தனி சுவை, ஆனா வேலைக்காகும்.

குழம்பு தண்ணியா இருக்கறதுக்கு காரணம் ஆரம்பத்துலயே மூணு நாலு கப் தண்ணி ஊத்தறதுதான்னு நினைக்கறேன். சிக்கன் வேகும்போது அதோட எடையில கால்வாசி வரைக்கும் வெளிய விடும், காலிஃபிளவர்லயும் கேரட்லயும் பெரும்பகுதி தண்ணிதான். கம்மியா ஊத்தி, தேவைப்பட்டா கடைசியா கூட்டிக்கலாம். அப்படியும் நீர்த்துப் போச்சுன்னா மூடிய திறந்து சுண்ட விடுங்க, ரெண்டு மூணு உருளைத் துண்ட கரண்டியால பாத்திரத்து ஓரத்துலயே நசுக்கி விடுங்க, சோள மாவெல்லாம் வேணாம், குழம்பு பசை மாதிரி வழவழன்னு ஆயிடும். தேங்காய்ப்பால் ஊத்தறதா இருந்தா அடுப்ப குறைச்சு கடைசியா ஊத்தி, தளபுளன்னு கொதிக்க விடாம இறக்குங்க, இல்லைன்னா திரிஞ்சிடும்.

குக்கர் கேட்டீங்க. உள்ள கிட்டத்தட்ட 120 டிகிரி போகும், அங்க சிக்கனுக்கு ஒரு விசில் ரெண்டு விசில்னு கணக்கு பண்ணலாம், காய்க்கு பண்ண முடியாது, உருளை பதமா இருக்கும்போது காலிஃபிளவர் கூழாயிருக்கும். அவசரம்னா சிக்கன மட்டும் மசாலாவோட குக்கர்ல ஒரு விசில் விட்டு, பிரஷர் தானா இறங்கினதும் திறந்து, காயெல்லாம் திறந்த பாத்திரத்துல மேல சொன்ன வரிசைல போடுங்க.

உப்பு கூடிப்போச்சுன்னா உருளை போட்டா இழுத்துக்கும்னு சொல்வாங்க, அத நம்பி இருக்காதீங்க. உருளை தண்ணிய இழுக்கும்போது அதுல இருக்கற உப்பும் கூட போகும் அவ்வளவுதான், மிச்ச குழம்பு அதே கரிப்புலதான் இருக்கும். தண்ணியோ தேங்காய்ப்பாலோ உப்பில்லாம வெந்த காயோ சேத்து அளவ கூட்டறது ஒண்ணுதான் வழி.

மிச்சம் ஆச்சுன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள அகலமான டப்பால மாத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, மூணு நாலு நாள் இருக்கும். சாப்பிடற அளவ மட்டும் எடுத்து நல்லா கொதிக்க வைங்க, முழு பாத்திரத்தையும் தினம் சூடு பண்ணி பண்ணி வச்சா காய் குழைஞ்சிடும். ஃப்ரீசர்ல வைக்கற எண்ணம் இருந்தா உருளைய மட்டும் பொறுக்கி எடுத்துட்டு வைங்க, உறைஞ்சு உருகின உருளை மணல் மணலா, தண்ணி விட்டு சவசவன்னு ஆயிடும், பசங்க அப்புறம் அதையும் தொட மாட்டாங்க.