தொங்கலின் கணக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டிப் பொருள் காணும் கெமாட்ரியா பற்றி ஒரு காணொளி பார்த்தேன். பாம்பைக் குறிக்கும் 'நாஹாஷ்', மேசியாவைக் குறிக்கும் 'மாஷியாஹ்' ஆகிய இரு சொற்களும் 358 என்றே வருகின்றன. இது தற்செயலா? என் மகளின் பெயரையும் ஆங்கில எழுத்துகளில் இப்படிக் கணக்கிட்டு மாற்றலாமா?

க.

அன்புள்ள க.,

மகளின் பெயரில் கைவைக்காதீர்கள். அவளை நீங்கள் ஆசையாய் அழைத்துவரும் பெயர் அது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவதற்கும் கெமாட்ரியாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எபிரேயத்தில் எழுத்துதான் எண். அலெஃப் 1, யோத் 10, கடைசி எழுத்தான தாவ் 400. யூத நாட்காட்டியில் இன்றும் தேதியை எழுத்தால் குறிக்கிறார்கள். 358 தற்செயலா என்று கேட்கிறீர்கள். ஆயிரக்கணக்கான சொற்கள் சில நூறு தொகைகளுக்குள் அடங்கும் மொழியில் இரண்டு சொற்கள் ஒத்துப்போவது அதிசயமல்ல.

உங்கள் கடிதம் வந்தபோது வேதாகமத்தின் எண்ணாகமம் என்ற நூலின் 15ஆம் அதிகாரத்துக்கு யூத அறிஞர்கள் எழுதிய உரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆடையின் ஓரங்களில் தொங்கல் கட்டி, அதைப் பார்த்துக் கட்டளைகளையெல்லாம் நினைக்கவேண்டும் என்கிறது வசனம். நான்கு நூல்களை ஆடை மூலையின் துளையில் கோத்து மடித்தால் எட்டு இழைகள் தொங்கும்; அவற்றை இடையிடையே சுற்றி ஐந்து முடிச்சுப் போடுவார்கள். தொங்கலுக்கான 'ட்ஸிட்ஸித்' என்ற சொல்லின் மதிப்பு 600, அதோடு 8 இழையும் 5 முடிச்சும் சேர்ந்தால் தோராவின், அதாவது யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களின், 613 கட்டளைகள் என்று 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி எழுதினார்.

எவ்வளவு அழகான கணக்கு! ஆனால் 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஹெரோனா நகர யூத அறிஞர் நாஹ்மனிடிஸ், ராஷியின்மேல் பெருமதிப்புக் கொண்டவராயிருந்தும், இதை ஏற்கவில்லை. தோராவில் அச்சொல் இரண்டாவது யோத் இல்லாமல் எழுதப்பட்டிருப்பதால் 590தான் வரும் என்றார். இதே குறையைக் கண்ட, ராஷிக்குப் பின்வந்த தோசஃபோத் உரைகாரர்கள், அப்பகுதியில் சொல் மூன்று முறை வருவதையும், அதில் ஒருமுறை முன்னால் 30 மதிப்புள்ள லாமெத் என்ற எழுத்து சேர்ந்திருப்பதையும் காட்டி, அந்த முப்பதை மூன்றாகப் பகிர்ந்து குறைந்த பத்தை நிரப்பினார்கள். எனக்கு நாஹ்மனிடிஸ் பக்கமே நியாயம் தெரிகிறது. ஆனாலும் ஒரு யோத்துக்காக இத்தனை பேர் வசனத்தை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்திருக்கிறார்களே, அந்த அக்கறையின் முன் கைகூப்பத் தோன்றுகிறது.

நீங்களோ ஒரு எழுத்தையும் சரிபார்க்காமல் 358ஐ நம்பி, குழந்தையின் பெயர்வரை வந்துவிட்டீர்கள். இது சோம்பல், க. அந்தக் காணொளிக்காரர் எந்த வசனத்தை விளக்குவதற்காக அந்த எண்ணைக் கொண்டுவந்தார் என்று மறுபடி கேட்டு எனக்கு எழுதுங்கள். வசனம் எதுவும் சொல்லியிராவிட்டால் அவருடைய அடுத்த காணொளியைத் திறக்காதீர்கள்.