அடுப்படிக்குப் போங்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 27. மூன்று ஒரே படங்களைச் சேர்த்தால் மறைகிற மாதிரி ஒரு மொபைல் கேம் தனியாகச் செய்து வருகிறேன். தீம் நம்மூர்ச் சாப்பாடு. முதல் பத்து லெவல் இட்லி, அடுத்த பத்து தோசை, அப்புறம் பிரியாணி. விளையாடிய நண்பர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ராப்பகலாக யோசிக்கிறேன், சாப்பாட்டைக்கூட அம்மா அறைக்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். புது யோசனைகளுக்கு என்ன வழி?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, யோசனை வற்றிப்போச்சு என்று எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஓய்வெடுங்கள், தானாக வரும் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அம்மா அறைக்கே கொண்டுவந்து வைக்கிறார் என்று, அதைத்தான் கேட்கிறேன். சாப்பாட்டை வைத்து கேம் செய்கிற ஆள் அடுப்படிப் பக்கமே போவதில்லையா? அதையும் உங்கள் உழைப்புக்குச் சாட்சியாக எழுதுகிறீர்கள். அது அவருடைய உழைப்பு.

லெவல்கள் ஒரே மாதிரி இருப்பதற்கும் இதுதான் காரணம். தட்டுக்கு வந்த இட்லிதான் உங்களுக்குத் தெரியும், அதனால் படம் மட்டும் மாறுகிறது, ஆட்டம் அப்படியே இருக்கிறது. 2012-இல் வந்த கேண்டி கிரஷ்ஷும் உங்களுடையது மாதிரி மூன்றைச் சேர்க்கிற மிட்டாய் கேம்தான், அதில் சாக்லேட் என்ன செய்கிறது பாருங்கள். ஒரு நகர்த்தலில் ஒரு துண்டையாவது உடைக்காவிட்டால் பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் தோசை என்ன செய்கிறது?

நாளைக் காலையில் அம்மா தாளிக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், உளுத்தம்பருப்பு சிவக்க வேண்டும், அப்புறம்தான் வற்றல், கடைசியில் கறிவேப்பிலை; வரிசை தப்பினால் ஒன்று கருகும், இன்னொன்று பச்சையாகக் கிடக்கும். இதிலேயே ஏழெட்டு லெவல் இருக்கிறது. முதல் லெவலில் கடுகு மட்டும் வரட்டும், அது கைவந்த பிறகு பருப்பு, இரண்டும் பழகிய பிறகு கறிவேப்பிலை, ஒரே லெவலில் மூன்றையும் கொட்டி ஆடுகிறவரை விரட்டாதீர்கள். கஷ்டமான லெவலுக்கு அடுத்தது கொஞ்சம் லேசாக இருக்கட்டும். இட்லி மாவு சித்திரையில் சீக்கிரம் பொங்கி வழியும், மார்கழியில் புளிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அப்போது பாத்திரத்தை எங்கே வைப்பார் என்று அவரிடமே கேளுங்கள். நகர்த்த நகர்த்த மாவு மேலேறுகிற லெவல் அங்கே கிடைக்கும். வாழையிலையில் மேல் பாதிக்குக் கறி, கூட்டு, ஊறுகாய், கீழ்ப் பாதிக்குச் சோறு. எது எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது, பிரியாணிக்கு ஏன் ஓடுகிறீர்கள்?

நின்று குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். தேங்காயைத் துருவுங்கள், மாவை நீங்கள் ஆட்டுங்கள், சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். வளர்ந்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது ஒரு தாய் அறை அறையாகத் தட்டு தூக்குவது தப்பு, அந்தப் பிள்ளை எவ்வளவு பெரிய கேம் செய்தாலும் தப்புத்தான். அம்மாவோடு சேர்ந்து சமைத்த பிறகும் லெவலுக்கு யோசனை வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அதில் அம்மா தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதையும் எழுதுங்கள்.