பனிப்பரவல்கள் நான்கா, ஐம்பதா?

கேள்வி: பனியூழிக் காலத்தில் குன்ஸ், மின்டல், ரிஸ், வூர்ம் என நான்கு பனிப்பரவல்கள் நிகழ்ந்ததாகக் கல்லூரியில் படித்தேன். என் மகளின் பாடநூலோ ஏறத்தாழ ஐம்பது என்கிறது. எது சரி?

பதில்: மகளின் பாடநூலே சரி. தாங்கள் படித்த நான்கு பெயர்களும், ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சரளைப் படிவுகளை ஆராய்ந்து பெங்க், புரூக்னர் என்னும் புவியியலாளர் இருவரும் 1909-இல் முடித்த நூலால் பரவியவை. அவர்களுடைய உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. பிந்திய பனி முந்திய பனியின் தடத்தை உழுது அழித்துவிடுவதால், நிலத்தை மட்டும் பார்த்து எண்ணுபவருக்குத் தொடக்ககாலப் பனிப்பரவல்கள் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

கணக்கைக் காத்து வைத்திருந்தது கடலடிச் சேறுதான். அதில் மணற்பரல் அளவேயுள்ள ஃபோராமினிஃபெரா என்னும் உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 எளிதில் மேலெழுந்து, நிலத்தில் பனியாகத் தங்கிவிடுவதால், பனி பெருகிய காலங்களில் கடலில் எடை கூடிய ஆக்சிஜன்-18-இன் விகிதம் கூடுகிறது; அது ஓட்டிலும் பதிகிறது. இதை அளந்தபோது, 25 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பிளைஸ்டோசீன் என்னும் அந்தப் பனியூழிக் காலத்தின் முற்பகுதியில், ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பனி பெருகித் தணிந்தது புலனாயிற்று. பூமியின் அச்சு சற்றே சாய்ந்து நிமிர எடுத்துக்கொள்ளும் காலமும் அதுவே. சாய்வு குறைந்தால் வடபுலத்துக் கோடை வெயில் தளர்ந்து, குளிர்காலப் பனி உருகாமல் ஆண்டுதோறும் சேரும். 1,00,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பனி பெருகித் தணியும் சுழற்சி மிகப் பிந்தியே வந்தது.

நிலத்தில் தப்பிய சான்று ஒன்று அமெரிக்காவின் மிசௌரியில் உள்ளது. அங்கே களிமண் வெட்டுக்குழிகளில், பிந்திய பனிப்படிவுகளுக்கும் ஒரு பழைய மண்ணடுக்குக்கும் கீழே, வடக்கிலிருந்து பனி இழுத்து வந்த கற்கள் பதிந்த மிகப் பழைய படிவு தென்படுகிறது. மண்ணின் மேற்பரப்பில் கிடந்த குவார்ட்ஸ் பரல்களில் விண்வெளிக் கதிர்கள் உண்டாக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டும் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், எஞ்சிய விகிதத்தைக் கொண்டு அந்தப் பழைய படிவின் வயது ஏறத்தாழ 24 லட்சம் ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர்.

எனக்குப் பெருவியப்பு தருவது இதுதான்: கடற்சான்றின்படி அக்காலத்தில் மொத்தப் பனி குறைவு, ஆனாலும் அது 39 பாகை வட அட்சம் வரை இறங்கியிருக்கிறது. அன்று கனடாவின் பாறைத்தளத்தை நெடுங்கால வெயிலும் மழையும் உண்டாக்கிய இளகிய மண் மூடியிருந்ததால், பனி உயர்ந்து குவியாமல் அதன்மேல் வழுக்கி மெல்லியதாகப் பரவியது என்பது ஏற்கத்தக்க ஒரு விளக்கம். அந்த மண் சுரண்டப்பட்டு வெறும்பாறை வெளிப்பட்ட பிறகே, பனி தடித்து வளர இடம் கிடைத்தது.