கறக்காத மாட்டுக்கு எதற்குத் தீனி? - வாசகர் கேள்விகள்

டிராக்டரும் யூரியாவும் வந்த பிறகு தோட்டத்தில் ஆடு மாடு எதற்கு? இந்த முறை வந்த கேள்விகளில் பாதி இதைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன.

அப்பா வைத்திருந்த காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு லிட்டர்தான் கறக்கிறது. விற்றுவிட்டுக் கலப்பின மாடு வாங்கலாமா? (வெள்ளகோவில் வாசகர்)

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? நல்ல கறவையுள்ள கலப்பின மாட்டுக்குப் பசுந்தீவனமே நாளுக்கு 20, 25 கிலோ வேண்டும். சித்திரையிலும் அதை அறுக்க முடியும் என்றால் தாராளமாக ஒன்று வாங்குங்கள். ஆனால் இருப்பதை விற்காதீர்கள்.

காங்கேயம் பாலுக்கென்று வளர்த்த இனம் இல்லை. ஏர், வண்டி, கவலை (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது) என்று இழுப்பதற்காக வளர்த்தது. அப்புறம் உங்கள் பக்கத்துக் கொறங்காட்டை, அந்த மேய்ச்சல் நிலத்தை நினைத்துப் பாருங்கள். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி. மழை ஏமாற்றினால் வேறு வெள்ளாமை எதுவும் தேறாத நிலம் அது. அந்த நிலத்தைக் காசாக்குவது இந்த மாடுதான். வெள்வேலங்காய் உதிரும் மாதங்களில் பட்டியில் விட்டால் தானே பொறுக்கித் தின்னும். தீனிச் செலவு சொற்பம். வருமானம் பாலில் இல்லை, கன்றில் இருக்கிறது. நல்ல காளைக்கன்றைச் சோடி சேர்த்துக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதம் போலத்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். “சிவப்பாயிருக்கு, கலப்பு போலிருக்கே” என்று நல்ல கன்றை விட்டுவிட்டுத் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அறுவடை முடிந்ததும், இரவில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட ஆட்டுக்காரர்கள் வருகிறார்கள். மூட்டை உரம் போடும் வயலுக்கு இது தேவையா? (மன்னார்குடி)

தேவை. தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம்தான் இருக்கும். ஆட்டெருவில் 3 சதவீதம் வரை உண்டு. ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று பெரியவர்கள் சொன்னது இதை வைத்துத்தான். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மக்கும், போட்ட போகத்திலேயே பயிரில் தெரியும்.

ராமநாதபுரத்துக் கீதாரி (ஆட்டு மந்தைத் தலைவர்) ஒருவருடன் ஓர் இரவு கிடையில் இருந்தேன். வலைக்குள் ஆடுகள் படுத்துவிட்டன, நானும் கண்ணயர்ந்துவிட்டேன். நடுச்சாமத்தில் மனிதர் எழுந்து, வாயால் ஓர் ஓசை எழுப்பி, மந்தை மொத்தத்தையும் எழுப்பிவிட்டார். எழுந்த ஆடு எழுந்த இடத்திலேயே மூத்திரம் பெய்யும். அப்படியே நாலு அடி தள்ளிப் படுக்க வைத்தார். வயல் முழுக்க ஒரே சீராக எரு விழ வேண்டுமே! அந்தத் தூக்கம் கெட்டதற்கும் சேர்த்துத்தான் கிடைக்கூலி. பேரம் பேசும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

கிடையைப் பெயர்த்த பிறகு வயலைச் சும்மா போட்டுவிடாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து வெயிலில் ஆவியாகிப் போய்விடும். ஈரம் காயும் முன் மேலாக ஓர் உழவு ஓட்டுங்கள்.

கோழியும் கால்நடைதானா?

நடக்கத்தான் செய்கிறது! ஆனால் அரசாங்கக் கணக்கெடுப்பில் கோழியினம் தனி. 2019 கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கால்நடை சுமார் 53.6 கோடி, கோழியினம் சுமார் 85 கோடி.

மழையில்லாமல் வாடிய சோளக்காட்டில் மேய்ந்த பசு, வீடு வருவதற்குள் விழுந்து செத்துவிட்டது. கண்பட்டுவிட்டது என்கிறார்கள்.

கண்ணும் இல்லை, செய்வினையும் இல்லை. இளஞ்சோளத்திலும், வாடிய பயிரிலும், அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். வெறும் வயிற்றில் ஆவலாக மேய்ந்த மாடு தப்புவது கஷ்டம். மாற்று ஊசி உண்டு, ஆனால் கால்நடை டாக்டர்கள் நாங்கள் வண்டியை மிதித்து வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பூ எடுத்த பிறகு அறுத்துப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த சோளத்தட்டில் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். மற்ற மாடுகளை இன்றைக்கே அந்தக் காட்டுப் பக்கம் விடாமல் கட்டிப்போடுங்கள்.

வேலையை விட்டுவிட்டு ஊரில் 50 ஆடுகளோடு பண்ணை தொடங்கப் போகிறேன். கொட்டகை தயார். எந்த இனம் வாங்கலாம்? (சென்னை)

தம்பி, கொட்டகை தயார் என்கிறீர்கள், தீனியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. உங்கள் ஊர்ச் சந்தையில் எந்த ஆடு அதிகம் விலை போகிறதோ அதுதான் உங்களுக்கு இனம். தூத்துக்குடிப் பக்கம் என்றால் கொடி ஆடு, சேலம் பக்கம் என்றால் சேலம் கருப்பு. பத்துப் பெட்டை, ஒரு கிடா போதும். சினைக்காலம் ஐந்து மாதம், அதனால் தப்பு செய்தாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட மறக்காதீர்கள். ஆனால் இதெல்லாம் அப்புறம். இப்போதைக்கு வேலையை விடாமல், வரப்பு ஓரம் முழுக்க அகத்தியும், அரை ஏக்கரில் வேலிமசால் தீவனப் பயிரும் போடுங்கள். அகத்தி ஆள் உயரம் வந்ததும் இன்னொரு கடிதம் எழுதுங்கள்.