காலையில் பிரேக், மாலையில் ரேடியேட்டர்: மலைப்பாதைக்குப் பழைய கார் வாங்குமுன்

கேள்வி: கொட்டகலையில் இருக்கிறேன். கம்பளையில் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. போக வர ஒரு நாளைக்கு 110 கிலோமீற்றர் வரை வரும். புதிய வாகனம் எடுக்க வசதியில்லை. 15, 20 வருடப் பழைய கார் ஒன்றை நம்பி வாங்கலாமா? ஹைபிரிட் எடு என்கிறார் அண்ணன். கரோலாதான் சரி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: தாராளமாக வாங்கலாம், டீச்சர். ஹட்டனில் இருபது வருடத்துக்கு மேலாகக் கராஜ் வைத்திருக்கிறேன். இந்தப் பாதையில் தினமும் ஓடும் பழைய கார்கள் எத்தனையோ என் கையால் போய் வருகின்றன.

மாடலைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள். உங்கள் கொட்டகலையை அடுத்த ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரம். கம்பளை ஏறக்குறைய 500. காலையில் வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று இறங்கிக்கொண்டே போவீர்கள்; மாலையில் அதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும். காலை வேலை பிரேக்குக்கு, மாலை வேலை ரேடியேட்டருக்கு. இந்த இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துவந்த ஒருவரின் காராக அது இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பழைய இஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் சூடு. கார் பார்க்கப் போகும் அன்று, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி வையுங்கள். போனதும் பொனெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாகத் தெரிய வேண்டும். சாயத் தேத்தண்ணி மாதிரித் துரு நிறத்தில் இருந்தால், பீலித் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்ணெய்ப் படலம் மிதந்தால், இஞ்சினின் மேல் பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கஸ்கட் போயிருக்கலாம். ஒயில் மூடியின் அடியில் பால் நிறப் பசை இருந்தால் எல்லோரும் பயந்துவிடுவார்கள். நமது குளிரில், கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில் ஈரத்தால் அப்படிக் கொஞ்சம் படிவதுண்டு. ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் தெரிந்தால் அந்தக் கார் வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியைச் சின்னச் சாமான் என்று நினைக்காதீர்கள். ஹட்டன் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் வெடித்திருந்தால் கினிகத்தேனை ஏற்றத்தில் ஆவி பறக்கும்.

இனி பிரேக். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய காரை வாங்கி, பிரேக் ஒயிலை மாற்றாமலே இறம்பொடை இறக்கத்தில் ஓட்டினேன். சில வளைவுகள் தாண்டியதும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாம் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மண் மேட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். சக்கரத்தில் இருந்து கருகல் வாடை வந்தது. பின் சீற்றில் என் அம்மா இருந்தார். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். தொடர்ந்து பிரேக் மிதித்தால் அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகிவிடும், குமிழி அமுங்கிவிடுவதால் பெடல் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும், வாங்கிய மறுநாளே மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா, ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் மட்டும் காரைப் பிடித்து நிறுத்துகிறதா, இரண்டையும் பாருங்கள்.

மாடல் என்று கேட்டால், இந்தப் பாதைக்கு 1500 சீசீ பெற்றோல் காரைத்தான் சொல்வேன். உயரம் 1,000 மீற்றர் கூடினால் டர்போ இல்லாத இஞ்சினின் வலுவில் பத்தில் ஒரு பங்கு அளவு குறையும். 800 சீசீ கார் ஓடாது என்றில்லை. ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தினமும் அலறியபடி ஏறினால் சீக்கிரம் தேயும். டொயோட்டாவின் கரோலா 121, 240 வகை அலியன், பிரிமியோ ஆகியவற்றில் வரும் 1NZ இஞ்சினுக்கு, உள் பாகங்களை ஒரே தாளத்தில் சுழல வைப்பது டைமிங் செயின். பெல்ட் மாற்றும் தொல்லை இல்லை. பெற்றோல் கரோலா 110 பிடித்திருந்தால், டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். காசு இன்னும் குறைவென்றால் நிசான் சன்னி எஃப்பி 15ஐயும் பாருங்கள்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாதம் 22 நாள் ஓடினால் 2,400 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. லீற்றருக்கு 12 ஓடும் காருக்கு 200 லீற்றர், 18 ஓடினால் 135 லீற்றர் போதும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் பற்றரி தீர்ந்துவிட்டால் சின்ன இஞ்சின் தனியாக இழுக்க வேண்டும். டொயோட்டாவின் ஹைபிரிட் காரான அக்குவா 2011 கடைசியில்தான் சந்தைக்கு வந்தது. முதலில் வந்த கார்களில் இன்னும் பழைய பற்றரியே இருந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது என்றுதான் கணக்கு. பற்றரியை ஸ்கேன் பண்ணிப் பார்க்காமல் பழைய ஹைபிரிட்டை எடுக்காதீர்கள்.

ஓடிய தூரம் காட்டும் மீற்றரை நம்பாதீர்கள், திருப்புவது சுலபம். பெடல் ரப்பரும் ஓட்டுநர் சீற்றின் ஓரமும் சொல்வதை நம்புங்கள். கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அடித்தகடு துருப்பிடித்திருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் விற்பவரின் பெயர் இருக்க வேண்டும். முழு உரிமையாளராக லீசிங் கம்பனி இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஓப்பன் பேப்பரில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை டயர், பிரேக், கூலன்ட், ஹோஸ், வைப்பருக்கென்று ஒதுக்குங்கள். வட்டவளைப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததல்ல. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். டயர் பழையதென்றால், பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

கடைசியாக, நாவலப்பிட்டியில் இருந்து கினிகத்தேனை வரை ஏசியைப் போட்டு ஏற்றிப் பாருங்கள். சூட்டு ஊசி நடுவைத் தாண்டக் கூடாது. மேலே போனதும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் சொட்டினால் பயமில்லை. இந்த ஓட்டத்துக்குச் சம்மதிக்காதவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.