எண்டூரன்ஸ் குதிரை ஆய்வு: எலக்ட்ரோலைட் வேண்டாம், துடிப்பை எடுங்கள்

நீங்கள் கொடுத்து, வழிகாட்டி திருப்பி அனுப்பிய தலைப்பு "எண்டூரன்ஸ் (நெடுந்தூர ஓட்டப் போட்டி) குதிரைகளில் எலக்ட்ரோலைட்டின் (உடலுக்கு வேண்டிய உப்புகள்) பயன்". அது ஆறு மாத முதுநிலை ஆய்வுக்குள் அடங்காது. இப்படிச் சுருக்குங்கள்: ஒரு வெட் கேட்டில் (சுற்றுகளுக்கு இடையே கால்நடை மருத்துவர் குதிரையைப் பரிசோதிக்கும் இடம்) எடுத்த இதய மீட்சிக் குறியீடு, அடுத்த சுற்றில் குதிரை வெளியேற்றப்படுமா என்று முன்கூட்டியே காட்டுமா?

வழிகாட்டி திருப்பி அனுப்பியது அநேகமாக இதனால்தான்: களத்தில் எலக்ட்ரோலைட்டின் அளவு உங்கள் கையில் இல்லை. ஒருவர் சிரிஞ்சில் வாய்வழி கொடுப்பார், இன்னொருவர் தீவனத்தில் உப்பைக் கலப்பார். நடுப்போட்டியில் ரத்தம் எடுக்கவும் லேசில் விடமாட்டார்கள்.

குறியீட்டுக்கு ஸ்டெதஸ்கோப்பும் கடிகாரமும் போதும். துடிப்பை எண்ணி, 40 மீட்டர் டிராட்டில் (மிதமான ஓட்டநடை) போய்வர விட்டு, ஓடத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவது. முதலில் 60, மறுபடியும் 60 (60/60) என்றால் நிம்மதி, 60/72 என்றால் குடலோசை, நீர்ச்சத்து எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டிய குதிரை.

சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதுமுன் போட்டி அமைப்பாளரிடம் பழைய வெட் கார்டுகளை (குதிரைகளின் பரிசோதனைப் பதிவு அட்டைகள்) கேட்டு, நொண்டலால் வெளியேறியவை எத்தனை, வளர்சிதைக் கோளாறால் (நீரிழப்பு போன்ற உடல்நிலைச் சிக்கல்) எத்தனை என்று பிரியுங்கள். பெரும்பாலும் நொண்டலே அதிகம். இரண்டாவது வகை இருபதுகூடத் தேறாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள்: துடிப்பு 64-க்கு இறங்க எத்தனை நிமிடம்?

ஒரு எச்சரிக்கை. 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் 60, 64, 68 என்றுதான் வரும். ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நான்கு போச்சு. முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரே குதிரையின் மூன்று சுற்றுகளை மூன்று குதிரைகளாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். புள்ளியியல் பேராசிரியர் முதலில் அங்கேதான் கை வைப்பார்.